குடாக்கரை முன்னணியின் பட்டியல்

"பன்னிரண்டு மணிக்குக் கதவைப் பூட்டிப்போடுவம், ஐயா. பிறகு ஒண்டும் செய்ய ஏலாது" என்றார் திருகோணமலைக் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தின் வாசலில் நின்ற அலுவலர். மணி பதினொன்று நாற்பது.

பிரதேச சபைத் தேர்தலுக்கு வேட்புமனுக் கொடுக்கக் கடைசி நாள். குடாக்கரை மக்கள் முன்னணியின் தலைவர் தவராசா வெறுங்கையோடு நின்றார். வேட்பாளர்களிடம் கையெழுத்து வாங்கப் பத்திரத்தோடு போன மனைவி பூரணியை இன்னும் காணவில்லை. போனும் எடுக்கிறாள் இல்லை.

கரைவலை இழுக்கும் மீனவர்களின் பிரச்சினைக்காக அவர் தொடங்கிய கட்சி. முதல் தேர்தலிலேயே ஆறு ஆசனம். அவர்களின் ஊரான உப்புவெளி முழுக்க வெடி கொளுத்தினார்கள். பிறகு, வென்றவர்கள் ஒவ்வொருவராகப் பெரிய கட்சிகளுக்குத் தாவிவிட்டார்கள். போன தடவை ஓர் ஆசனம்கூட இல்லை. இன்று மனுக் கொடுக்காவிட்டால் கட்சி முடிந்த கதைதான்.

வாசலுக்கும் றோட்டுக்கும் நடந்து நடந்து சேர்ட் நனைந்துவிட்டது. வேட்பாளர் சுலோஜனாவுக்குப் போன் அடித்தார்.

"தங்கச்சி, நீங்களும் எங்களை விட்டிட்டுப் போட்டியளோ?"

"ஐயோ, இல்லை அண்ணை! பூரணி அக்கா முந்தநாளே வந்து கையெழுத்து வாங்கினவ."

இன்னொரு வேட்பாளரான குலசிங்கத்துக்கும் அடித்தார். "அக்கா நிக்கிறாவெண்டா நாங்களும் நிப்பம், அண்ணை. வந்துகொண்டிருக்கிறம்."

தவராசாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆட்கள் இருக்கிறார்கள்!

பத்து நிமிடம் இருக்கையில் பூரணி ஓட்டோவில் வந்து இறங்கினாள். பின்னால் இன்னும் மூன்று ஓட்டோக்களில் மற்ற வேட்பாளர்கள்.

"இவ்வளவு நேரமும் எங்க நிண்டனீ? தா இஞ்சால!" பறிக்காத குறையாகப் பத்திரத்தை வாங்கினார்.

முதல் வரியை வாசித்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேலிருந்து கீழே ஒருமுறை, பிறகும் ஒருமுறை வாசித்தார்.

"கோவிக்காதேங்கோ." பூரணி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "வீடு வீடாக் கேட்டுப் பாத்திட்டன். கட்சிப் பேரில நிக்க ஒருத்தரும் வரேல்லை. வேற வழி தெரியேல்லை. உங்களிட்டச் சொல்ல வாய் வரேல்லை."

தவராசா வந்தவர்களைப் பார்த்தார். சுலோஜனா தலையைக் குனிந்துகொண்டாள். குலசிங்கம் றோட்டுக்கு அப்பால் தெரிந்த கடலைப் பார்த்தார்.

"ஐயா, அஞ்சு நிமிசம்!" வாசலில் இருந்து சத்தம் வந்தது.

அவர் பேனையை எடுத்தார். கையெழுத்தை வைத்தார்.

உள்ளே மனுவை வாங்கிய அதிகாரி அவரைக் கண்டதும் எழுந்து கதிரையைக் காட்டினார். "இருங்கோ, தலைவர்! குடாக்கரை முன்னணிதானே?"

தவராசா அந்தக் கதிரையைப் பூரணியின் பக்கம் இழுத்துவிட்டார்.

"இல்லை, சேர், சுயேச்சைக் குழு. தலைவி இவ, நான் பட்டியலில கடைசி ஆள்."