இரண்டாவது மீற்றர்

“இது ஒரே வீடுதான் சேர். பொய் சொல்லி என்ன செய்யப்போறம்?”

அருளம்மா இப்படிச் சொன்னதும் அவளுடைய கணவர் பஸ்ரியனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மின்சாரக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி கிருஷாந்தன் இன்னும் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கூட முடிக்கவில்லை. அதற்குள் இவள் வீட்டைக் காட்டிக்கொடுத்தாயிற்று.

“அவ பயத்தில உளறுறா சேர். நீங்கள் உள்ள வாங்கோ,” என்றார் பஸ்ரியன்.

தலைமன்னாரில், கடலைப் பார்த்தபடி இருந்த அந்த வீட்டில் ஒரே கூரையின் கீழ் இரண்டு மீற்றர்கள் ஓடின. ஒன்று பஸ்ரியனின் பெயரில். மற்றது அவருடைய தம்பி றெனால்டின் பெயரில். இது கள்ள வேலை என்று யாரோ கந்தோருக்கு முறைப்பாடு செய்திருந்தார்கள். உண்மை என்று தெரிந்தால் ஒரு மீற்றரைக் கழற்றிவிடுவார்கள். தண்டமும் கட்டவேண்டும்.

“ஐயா, கஷ்டப்பட்ட வீட்டுக்கும் கறண்ட் இருக்கவேணும் எண்டுதான் முதல் கொஞ்ச யூனிற் மலிவு,” என்றபடி உள்ளே வந்தார் கிருஷாந்தன். “அந்தக் குறையைப் பெரிய ஹோட்டல்காரர், கொம்பனிக்காரர் கட்டுற பில்லில இருந்துதான் நிரப்புறது. ஒரு குடும்பம் ரெண்டு மீற்றர் போட்டு ரெண்டு தரம் மலிவு எடுத்தா, அது இல்லாதவன்ர பங்கில கைவைக்கிறதுதானே?”

“நாங்கள் ரெண்டு குடும்பம் சேர்!” சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து றெனால்ட் குரல் கொடுத்தான்.

வீட்டின் நட்டநடுவே சீமெந்துக் கல்லால் சுவர் எழுப்பியிருந்தது. அந்தப் பக்கத்துக்குத் தனி வாசல், தனிக் குசினி. சட்டம் கேட்டதெல்லாம் இருந்தது. கிருஷாந்தன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். எத்தனை பொய்க் குசினிகளைப் பார்த்திருப்பார்! அடுப்பில் சாம்பல் இருக்காது. பானைக்குள் சிலந்தி குடித்தனம் நடத்தும்.

“இந்தச் சுவரே மீற்றருக்காகக் கட்டினதுதான் சேர்,” அருளம்மா விடுவதாக இல்லை. “கறண்ட் விலை ஏறின நேரம் அண்ணனும் தம்பியும் சேந்துதான் கட்டினவை. நானும் தம்பி பெண்சாதி டினோஜாவும் பிளேன்ரீ ஊத்திக் குடுத்தனாங்கள். ஒரே சிரிப்பும் பகிடியும்.”

“அடியேய், வாயை மூடு!”

“பொய் சொன்னா மாதா பொறுக்கமாட்டா.”

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷியா என்று கிருஷாந்தன் வியந்தார். சிரமமில்லாமல் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே சுற்றிப்போய் றெனால்டின் வாசலில் ஏறினார். பஸ்ரியன் முற்றத்திலேயே நின்றுவிட்டார். அருளம்மா மட்டும் பின்னால் ஓடி வந்தாள்.

றெனால்டின் மனைவி டினோஜா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அடுப்பில் சோறு கொதித்தது. சுவரெல்லாம் கரிப்புகை. கிருஷாந்தனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

“அண்ணன் வீட்டில இண்டைக்கு என்ன கறி?” என்று கேட்டார்.

“எனக்கென்னெண்டு தெரியும்?” என்றான் றெனால்ட். “அந்த வாசலை மிதிச்சு மூண்டு வருஷம்.”

“கடல்தொழிலுக்கு ஒரே வள்ளத்திலதானே போறனீங்கள்?”

“அது அப்ப சேர். மீன் வைக்கிற பெரிய பிறிட்ஜ் ஆரின்ர மீற்றரில ஓடுறது எண்டு ஒரு கதை வந்தது. அதில தொடங்கினது. இப்ப அவருக்கு ஒரு வள்ளம், எனக்கு ஒரு வள்ளம்.”

“சும்மா கோவத்தில சொல்லுறார் சேர்,” என்று அருளம்மா குறுக்கே புகுந்தாள். “நாங்கள் எல்லாரும் ஒண்டாத்தான் இருக்கிறம்.”

கிருஷாந்தன் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் போலும், பஸ்ரியன் வீட்டில் ஒரு பெண் குழந்தை தூங்குவதைப் பார்த்திருந்தார்.

“அண்ணன்ர பேத்திக்கு என்ன பேர்?”

றெனால்ட் சுவரைப் பார்த்தான். டினோஜாவின் கை தேங்காயோடு நின்றது.

“பிள்ளை அழுறது கேக்கும்,” என்றான் மெதுவாக. “பேர் தெரியாது.”

“தெரியும் சேர்! அவர்தான் ஞானத்தகப்பன்!” என்று அருளம்மா கத்தினாள்.

“ஆர் சொன்னது?” முற்றத்திலிருந்து பஸ்ரியன் அதட்டினார். “ஞானஸ்நானத்துக்கு நான் அவனைக் கேக்கவும் இல்லை, அவன் வரவும் இல்லை.”

அதற்குமேல் விசாரிக்க ஒன்றுமில்லை. கள்ளமாகப் பிரிந்தவர்களைப் பிடிக்க வந்த கிருஷாந்தனுக்கு மனம் கனத்தது. ஆனாலும் கண்டதைத்தானே சொல்லவேண்டும்?

“முறைப்பாடு பிழை. இது ரெண்டு வீடுதான். இனி ஒருத்தரும் கேட்டு வரமாட்டினம்.”

இரண்டு வாசலிலும் பெருமூச்சு விட்டார்கள். தப்பித்த சந்தோஷத்தில் ஒருவரையொருவர் பார்ப்பார்களோ என்று கிருஷாந்தன் ஒரு கணம் நின்றார். அவர்களோ, முறைப்பாடு கொடுத்தது மற்றவர்தான் என்று சந்தேகப்பட்டார்கள்.

“இந்த வேலை பாத்தது ஆரெண்டு எனக்குத் தெரியும்!” என்று பஸ்ரியன் சத்தம் போட்டார்.

“எனக்கும் தெரியும்!” என்றான் றெனால்ட். கதவுகள் படீர் படீரென்று சாத்தப்பட்டன.

அருளம்மா மட்டும் தெருப்படலைவரை வந்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

“ஏனம்மா அழுறீங்கள்? தண்டமும் இல்லை, மீற்றரும் தப்பிட்டுது,” என்றார் கிருஷாந்தன். “வீணா ரெண்டு பேரும் கொளுவுப்படுகினம். கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தது ஆரோ ஒரு பொம்பிளையாம். பேர் சொல்லேல்லையாம்.”

“நான்தான் சேர்,” என்றாள் அருளம்மா. “நான் சொல்லிக் கேக்கேல்லை. நீங்கள் வந்து, இது ஒரு வீடுதான், சுவரை உடையுங்கோ எண்டு சொன்னாக் கேப்பினம் எண்டு நினைச்சன்.”