ஈரம் படாத தாள்

2018 ஜூன் 19, காலை மணி 7.10. வானம் தெளிவு, தென்மேற்குக் காற்று, மிதம்.

யூட்டாவின் செம்பாறைப் பள்ளத்தாக்கில் இரண்டு சிறு துடுப்புப் படகுகள் ஆற்றில் இறங்கின. ஒன்றில் மார்வா, மற்றதில் அவளைச் சோதிக்க வந்த தேய்ன்.

வழிகாட்டி உரிமத்துக்கு அவன் ஒப்புதல் தராவிட்டால், நான்காவது கோடையும் அவள் பிறர் படகுக்குப் பின்னால்தான் துடுப்புப் போட வேண்டும்.

தேய்னுக்கு முப்பது ஆண்டு அனுபவம். அதை மணிக்கு இருமுறை நினைவூட்டினான்.

நண்பகலில், ஆறு பாறைகளுக்கிடையே சரிந்து பாயும் பெரிய இறக்கத்தின் இரைச்சல் கேட்டது. மார்வா இடக்கரையில் ஏறிப் பார்த்தாள். சுள்ளி ஒன்றை எறிந்தாள். அது நடுப்பாறைக்குக் கீழே மூழ்கி, வெகுநேரம் கழித்து இடக்கரையோரம் எழுந்தது. இன்னும் இரண்டு எறிந்தாள். அவையும் அங்கேயே மூழ்கின, அங்கேயே எழுந்தன.

தேய்ன் படகைவிட்டு இறங்கவில்லை.

"என்னம்மா, ஆத்துக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கப் போறியா?"

"தண்ணி வத்திருச்சு, தேய்ன். பாறை மேல வந்திருக்கு. நான் படகத் தூக்கிட்டு நடந்துடறேன்."

"நடக்கறதுக்கு எதுக்குப் படகு? கழுத வாங்கிக்க. நான் போறேன், பாத்துக்க!"

மார்வா படகைச் சுமந்து நடந்து, சுள்ளிகள் எழுந்த இடத்தில் இறக்கி வைத்தாள். மீட்புக் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

முப்பது ஆண்டு அனுபவம் நடுப்பாறையில் மோதிக் கவிழ்ந்தது.

சுள்ளிகளைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு, சுள்ளிகள் எழுந்த இடத்திலேயே தேய்ன் எழுந்தான். ஒரே வீச்சில் கயிறு அவன் மார்பில் விழுந்தது.

கவிழ்ந்து நீந்தியவர் தம் ஈரக் காலணியில் பீர் குடிக்க வேண்டும். அது ஆற்றுக்காரர் வழக்கம். அவன் இடக்காலிலிருந்து மார்வாவே கழற்றினாள், ஊற்றினாள், நீட்டினாள். மணலோடு கடைசிச் சொட்டுவரை அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

பிறகு தேய்ன், கரையொதுங்கிய தன் படகில் கட்டியிருந்த நீர்புகாப் பெட்டியைத் திறந்து, மடித்த தாளொன்றை எடுத்தான். முகம் பாராமல் நீட்டினான்.

அவன் முடி சொட்டியது, சட்டை சொட்டியது. தாள் மட்டும் மொறுமொறுவென்று உலர்ந்திருந்தது.

'2018 ஜூன் 19, காலை மணி 7.10. வானம் தெளிவு, தென்மேற்குக் காற்று, மிதம். முடிவு: தகுதியில்லை. காரணம்: இன்றைய ஓட்டத்தில் துணிவு போதவில்லை.'

கீழே அவன் கையெழுத்து; அதன் பக்கத்திலும் மணி 7.10.

மார்வா கைகளை நன்றாகத் துடைத்துக்கொண்டாள். ஒரு துளியும் படாமல் அதை வாங்கினாள்.