வியாழக்கிழமைகள்

உளவியலாளர் தமயந்தி தன் ஆய்வுக்காகத் தகவல் கேட்க, ஊரின் மறுகோடியிலிருந்த மனநல ஆலோசனை மையத்துக்குப் போனாள். காத்திருப்பவர்களோடு அவள் கணவர் அருள்நம்பியும் உட்கார்ந்திருந்தார்.

"இங்க என்னங்க பண்றீங்க?"

"ரெண்டு வருஷமா வியாழக்கிழமையானா வர்றேன்," என்றார் தயங்கியபடி.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நாள் முழுக்க ஊரார் கஷ்டத்தக் கேட்டுட்டு வர்ற. அப்புறம் பிள்ளைங்க பாடம், உன் படிப்பு. இதுல நான் வேறயா?"

உள்ளே அழைத்தார்கள். அவள் தோளை லேசாகத் தொட்டுவிட்டு அவர் எழுந்து போனார். கதவு மூடிக்கொண்டது. அவர் விட்டுப்போன நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். இப்படியொரு கதவுக்கு வெளியே காத்திருப்பது அவளுக்குப் புதிது. சற்று நேரத்தில் உள்ளே ஒருவர் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. முதலில் அது வேறு யாரோ என்றுதான் நினைத்தாள்.