சீல் உடைக்காத பெட்டி

போனக்காடு எஸ்டேட் லைன் வீடுகளில் எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரே பதில்தான்: "மாத்திரை போட்டாச்சு மேடம்."

தொற்றுக் கண்காணிப்புப் பிரிவின் திவ்யலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தாநாள் மூளைக்காய்ச்சலில் பள்ளிக்கூடத்துப் பெண் அஞ்சு இறந்ததால், அவளோடு பழகியவர்களுக்கெல்லாம் மாத்திரை கொடுக்க வித்துராவிலிருந்து இடுப்பொடிய ஜீப்பில் வந்திருக்கிறாள். பெட்டியின் சீல்கூட இன்னும் உடைக்கவில்லை. இப்படிப் பொய் சொல்லியே இன்னொரு பிள்ளையையும் பறிகொடுக்கப் போகிறார்கள்.

கடைசி வீட்டில் அஞ்சுவின் அம்மா சொர்ணம்மாளும் அதையே சொன்னாள்.

"மருந்தே இப்பத்தாம்மா வருது! யாரு தந்தா?"

"அஞ்சுதான். நேத்து வீடு வீடா வந்து தந்தா. எல்லாரும் முழுங்குற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் போனா, கேட்டோ."

திவ்யலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். இந்த மாத்திரையைப் போட்டவர்களுக்குச் சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாகும். அதைச் சொல்லி மடக்கலாமென்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் சொர்ணம்மாள் அழுதுவிட்டாள். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த இடம் ஆரஞ்சாக நனைந்தது.

"உங்களுக்கும் ஒண்ணு வெச்சிட்டுப் போயிருக்கா," என்று கையை நீட்டினாள்.