தைல வாசனை

"பனிதான் மேடம்" என்று சொல்லிவிட்டாள் விடுதிக்காரி.

சொன்னதைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

எதிர்ச்சரிவு காணாமல் போயிருந்தது. பள்ளத்தாக்கும் இல்லை. பனியென்றால் வெள்ளையாக இறங்கும், வெயில் வந்ததும் கலைந்துவிடும். இது பழுப்பாக இருந்தது. வெயில் ஏற ஏற இதுவும் ஏறியது.

சென்னையிலிருந்து வந்தவளுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியப் போகிறது. வராந்தாக் கம்பியில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மலை தள்ளிக் காடு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் புகை காற்றோடு வந்து இந்த ஊர்மேல் உட்கார்ந்துவிட்டது. சீசனுக்கு அறை கேட்டிருந்தவர்கள் எல்லாரும் போன் செய்து வேண்டாம் என்றுவிட்டார்கள். இந்தச் சென்னைக்காரி ஒருத்திதான் செய்தி எதுவும் பார்க்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கியவள்.

"மிதுனாவுக்கு வீசிங் அக்கா. கொஞ்ச நாள் மலைக்காத்துல வெச்சிருங்கன்னு டாக்டர் சொன்னாரு."

நேற்று வந்ததும் வராததுமாகச் சொன்னது. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். காலி அறைகளைப் பெருக்கிப் பெருக்கி அலுத்துப்போயிருந்தவள், சுடுதண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்டாள்.

முற்றத்தில் மிதுனா சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இது யாரோட சைக்கிள் ஆன்ட்டி?"

"எங்க ஜெனிபாவோடது. மாமா வீட்டுக்குப் போயிருக்கா."

அது பொய்யில்லை. இருமி இருமி முகம் வீங்கிப்போன மகளை முந்தாநாள் முதல் பஸ்ஸில் ஏற்றி வத்தலக்குண்டுக்கு அனுப்பியிருந்தாள். புகை போகிறவரை தம்பி வீட்டில் இருக்கட்டும் என்று.

சென்னைக்காரி மூக்கை உறிஞ்சினாள்.

"என்னக்கா, ஏதோ வாசனை வருது?"

தைல மரம் எரிகிற வாசனை. மலையில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

"யூகலிப்டஸ் தைலம் காய்ச்சுறாங்க மேடம்."

வாய் கூசவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

சென்னைக்காரியின் முகம் மலர்ந்துவிட்டது.

"மிதுனா, சைக்கிளை விட்டுட்டு இங்க வா. நல்லா மூச்சை இழு. நெஞ்சு சளிக்கு நல்லதுடா. வீட்ல ஆவி பிடிப்போம்ல, அது மாதிரி."

குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியது. இழுத்தது.

"இன்னும் நல்லா."

இன்னும் இழுத்தது. கவுனுக்குள் விலா ஏறி இறங்கியது. மூச்சின் கடைசியில் மெல்லிசாக ஒரு விசில். படம் எடுக்கிற மும்முரத்தில் பெற்றவளுக்கு அது கேட்கவில்லை. ஜெனிபாவின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டிருந்தவளுக்குக் கேட்டது.



குழந்தை கண்ணைத் திறந்து விடுதிக்காரியையே பார்த்தது. ஏன் அப்படிப் பார்க்கிறது என்று முதலில் விளங்கவில்லை.

முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். எப்போது பொத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

குழந்தையும் கவுன் நுனியைத் தூக்கி, அவளைப் போலவே மூக்கைப் பொத்திக்கொண்டது.

"கையை எடு மிதுனா. இழுன்னா இழுக்கணும்."

அம்மா அந்தச் சின்னக் கையை விலக்கிவிட்டாள். குழந்தை மறுபடியும் கண்ணை மூடியது.

"மேடம், அது பனி இல்ல" என்றாள் அவள்.

முந்தானைக்குள்ளேயே சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை.