சுழலிடம் தோற்ற மீசை

கண்ணாடி முன் நின்று மீசையைக் கடைசியாக ஒருமுறை முறுக்கிவிட்டுக்கொண்டார்.

கப்பல் ஆடியது. ரேசரைப் பிடித்தபடி அலை தணியக் காத்திருந்தார்.

எல்லாம் வாய்க்கொழுப்பு. வேறென்ன சொல்வது?

அந்த ஆராய்ச்சிக் கப்பலின் தளத்தில் ஆட்களை வேலை வாங்கும் போசன் அவர். தென்மேற்குப் பருவக்காற்று வீசினால் நீரோட்டம் இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்கக் கடலுக்குள் நுழையும். தலை நரைக்கும்வரை அவர் பார்த்த கடல் அது.

இந்த முறை நுழையாது என்றாள் தலைமை விஞ்ஞானி. அவள் தலைமையில் இதுதான் முதல் பயணம். வழியில் பெரிய சுழல் ஒன்று நிற்கிறதாம். நீரோட்டத்தைப் பிடித்துத் தெற்கே திருப்பிவிடுமாம்.

ஒரு மிதவையைக் கடலில் விட்டாள். அது வங்கக் கடலுக்குள் போய்விட்டால் இன்னொரு பயணத்துக்கு இவளைத் தலைமையாக அனுப்ப மாட்டார்கள். கப்பலில் எல்லோருக்கும் இது தெரியும்.

சாப்பாட்டு அறையில் அத்தனை பேர் முன்னாலும் அவர்தான் சவடால் விட்டார்.

"மேடம், அந்த மிதவை மட்டும் உள்ள போகாம திரும்புச்சுன்னா நான் மீசையை எடுத்துடுறேன்."

"சரிங்க போசன்."

சோற்றிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கும் கொழுப்பு குறைவில்லை.

மிதவை வடக்கே போனது. திரையில் புள்ளி நகர நகர ஆட்கள் போசனுக்காகக் கைதட்டினார்கள். அவருக்கோ அன்று சோறு இறங்கவில்லை.

பிறகு அது கிழக்கே சாய்ந்தது. சுழலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவள் முன்பே வரைந்து வைத்த கோட்டின் மேலேயே, நல்ல பிள்ளையாகத் தெற்கே இறங்கியது.

கேப்டன் எழுந்து போய் அவளுக்குக் கைகொடுத்தார்.

இளமையில் வைத்த மீசை தண்ணீரோடு போனது. துக்கமே வரவில்லை. பெருமையில் நெஞ்சு விம்மியது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தார்.

சிரிப்பு வெடித்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கியும் போனது.

கேப்டன் அவருடைய மேலுதட்டைப் பார்த்தார். நடுவில் சின்னக் குழி. இடப்பக்கம் லேசான கோணல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அதே குழி. அதே கோணல்.

கரை சேரும்வரை அவள் மேடம், அவர் போசன். கப்பலேறும்போதே இருவரும் பேசி வைத்தது அது.

அந்த உதட்டை அவளும் இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள்.

கேப்டனின் மேசையில் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அப்பா, இங்க வந்து உக்காருங்க."