நூலகத்தில் ஒரு சுதந்திரப் போர்

"நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இது நடக்காது, பிரிட்ஜெட்!" என்று மேசையில் ஓங்கித் தட்டினாள் லோர்னா. காபிக் கோப்பைகள் குலுங்கின.

ஒஹாயோவில் ஒரு தொடக்கப் பள்ளியின் நூலகம். பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு வந்த முப்பது பெற்றோர், ஆறு வயதுக் குழந்தைகளின் நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

பெற்றோர் சங்கத் தலைவி பிரிட்ஜெட்டுக்கு ஒரே ஒரு ஆசை. நாடு முழுக்கப் பள்ளிப் பெற்றோர் சங்கங்களுக்கு மேலே இருக்கும் தேசியச் சங்கத்தோடு உறவை அறுத்துக்கொண்டு தனிச் சங்கமாகிவிட வேண்டும். அவர்களுக்குப் படிவம் நிரப்பி நிரப்பியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

ஜூனில் பதவி முடிகிறது. வழக்கப்படி அடுத்த தலைவி, துணைத் தலைவியான லோர்னாதான். அதற்குள் சுதந்திரம் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஜூலை முழுக்கப் போனை அணைத்துப் போட்டு, ஏரிக்கரையில் கால் நீட்டிப் படுக்க வேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தாள் பிரிட்ஜெட்.

"ஒரு கேக் விற்பனை நடத்தணும்னாக்கூட மூணு படிவம், லோர்னா. நமக்கு எதுக்கு இந்தத் தலைவலி?"

"எழுபது வருஷத்து உறவும்மா! எங்கம்மாவே இதுல இருந்தாங்க. நேத்து வந்த நீ அறுத்துடுவியா?"

"அம்மா தாயே, புது விதிகளை எழுதிக் கொண்டுவந்திருக்கேன். திட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுடுங்க!"

பழைய விதிப் புத்தகத்தில், தேசியச் சங்கம் வைத்த விதிகளுக்குப் பக்கத்தில் எல்லாம் நட்சத்திரக் குறி இருக்கும். உள்ளூர்க்காரர்கள் அதில் கை வைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜெட் சிவப்புப் பேனாவை எடுத்து, நட்சத்திரம் போட்ட அத்தனையையும் ஒரே மூச்சில் அடித்துத் தள்ளியிருந்தாள். அப்பாடா, என்ன சுகம்! பாதிப் புத்தகம் காலி.

லோர்னா வேண்டாவெறுப்பாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். மூன்றாம் பக்கத்தில் நின்றாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள்.

"இதெல்லாம் நீயேவா அடிச்சே?"

"ஒண்ணு விடாம!"

"ம்... நல்லாத்தான் செஞ்சிருக்கே." வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். லோர்னா பக்கம் பன்னிரண்டு பேர் என்பது ஊரறிந்த கணக்கு. மீதிப் பதினெட்டை எண்ணிப் பார்த்தாள் பிரிட்ஜெட்; இரண்டு குறைந்தது.

"தனியாப் போகலாம், இந்தப் புது விதிகளையே வச்சுக்கலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க," என்றாள் செயலாளர் டெனிஸ்.

முதலில் உயர்ந்தது லோர்னாவின் கை! அவள் கூட்டம் ஒருவரையொருவர் பார்த்து முழித்தது. பிறகு அவர்களும் தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

பிரிட்ஜெட் ஓடிப்போய் லோர்னாவைக் கட்டிக்கொண்டாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "உங்களைத் தப்பா நினைச்சுட்டேன், லோர்னா."

"அட விடும்மா. நல்லதுன்னு தெரிஞ்சா ஒத்துக்க வேண்டியதுதானே?"

"அப்படியே அடுத்த வருஷத் தலைவரையும் முடிச்சுடலாம். பேர் சொல்லுங்க," என்றாள் டெனிஸ். உடனே முப்பது பேரும் குனிந்து தங்கள் காலணிகளை ஆராயத் தொடங்கினார்கள். எந்தப் பள்ளியிலும் இந்தக் கட்டத்தில் நடப்பது இதுதான்.

பிரிட்ஜெட் சிரித்தபடி லோர்னாவைப் பார்த்தாள். லோர்னா எழுந்து நின்றாள்.

"நான் பிரிட்ஜெட் பேரைச் சொல்றேன்!"

"ஆமா, பிரிட்ஜெட்டே இருக்கட்டும்!" இருபது குரல்கள், கைதட்டலோடு.

பிரிட்ஜெட்டின் முகம் வெளுத்தது. "ஐயோ, நான் எப்படி? ஒருத்தர் ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கக் கூடாதே!"

லோர்னா அவள் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினாள்.

"அது அவங்க ரூல், கண்ணு. நீதான் அடிச்சுட்டியே!"